தாழ்ந்த மூக்குக் காரும் ஜெர்மன் பார்க்கிங்கும்

ஜெர்மனியில் கார் வாங்கியதும் ஊருக்கு அனுப்புகிற போட்டோ பெரும்பாலும் பக்கவாட்டில் எடுத்ததாகத்தான் இருக்கும். பளபளக்கிற கதவு, அலாய் வீல், பின்னால் கொஞ்சம் பச்சை மரங்கள். முன் பம்பருக்கு அடியில் குனிந்து யாரும் போட்டோ எடுப்பதில்லை. எடுத்தால் அந்த வண்டி வந்து ஆறு மாதமா ஆறு வருடமா, ஓட்டுகிறவர் எந்த மாதிரி வீட்டில் குடியிருக்கிறார், எல்லாவற்றையும் அந்த ஒரு படமே சொல்லிவிடும்.

நான் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிற மென்பொருள் பொறியாளன். பார்க்கிங் சென்சார் தருகிற சிக்னலைப் படித்து 'பீப்' சத்தமாக மாற்றும் மென்பொருளில் இரண்டு வருடம் உழைத்தவன். அதனாலேயே நண்பர்கள் வட்டத்தில் யாருக்கு பம்பர் உரசினாலும் போன் எனக்குத்தான் வரும். "மச்சி, சென்சார் சும்மாதான்டா இருந்துச்சு, சத்தமே வரல. கீழ கர்ர்ருனு ஒரு சவுண்ட்." இந்த வாக்கியத்தை வெவ்வேறு குரல்களில் கேட்டுக் கேட்டுத்தான் இந்தக் கட்டுரை எழுதும் எண்ணமே வந்தது. சிரிப்பதற்கு நிறைய இருக்கிறது. ஆனால் ஒரு நண்பருக்கு இந்த விஷயம் குடியுரிமை விண்ணப்பம் வரைக்கும் போய்விட்டது. அதையும் சொல்கிறேன்.

முதலில் அடிப்படைக் கேள்வி: ஏன் இவ்வளவு தாழ்வாகக் கார் செய்கிறார்கள்? ஊரில் ஓடுகிற கார்களுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லையே?

ஊர் கார்கள் ஊருக்காக உயர்த்தப்பட்டவை. இந்தியாவில் விற்கிற ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் ஒரு செடான்தான், ஆனால் அதன் கிரவுண்ட் கிளியரன்ஸ் 179 மி.மீ. இங்கே ஒரு செடானுக்கு 13, 14 செ.மீ. இருந்தால் சாதாரணம். இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் கொண்ட மென்மையான மேடாக இருக்க வேண்டும். நம்ம தெருவில் ஊர்க்காரர்கள் சேர்ந்து போடும் வேகத்தடைக்கு அந்த விதியைப் பற்றித் தெரியாது. அது சுவர். அதைத் தாண்ட வேண்டும் என்பதற்காகவே நிறுவனங்கள் சஸ்பென்ஷனை ஏற்றி விற்கின்றன.

ஜெர்மனியில் கணக்கு வேறு. நெடுஞ்சாலையில் 130, 150 கி.மீ. வேகத்தில் போகிற வண்டிக்கு அடியில் காற்று புகுந்தால் எரிபொருள் செலவு கூடும், வண்டி லேசாக மிதக்கும். எனவே மூக்கைத் தாழ்த்திக் காற்றைப் பக்கவாட்டிலும் மேலேயும் தள்ளுகிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. பாதசாரி ஒருவர் மீது கார் மோதினால் முழங்காலில் மட்டும் அடி விழுந்து மூட்டு மடங்கிவிடக் கூடாது. கணுக்காலுக்கு மேலே, கெண்டைக்கால் உயரத்திலும் ஒரு தாங்கல் கிடைத்தால் கால் மொத்தமாகத் தள்ளப்படும், மூட்டு தப்பிக்கும். அதற்காகவே பம்பரின் கீழ்ப்பகுதியில் ஒரு பட்டையை முன்னுக்குக் கொண்டு வந்து வைக்கிறார்கள். ஆக, நீங்கள் ஓரக்கல்லில் தேய்க்கிற அந்த உதடு வெறும் ஸ்டைல் இல்லை. அதற்கு மேலே 'ஸ்போர்ட்' பேக்கேஜ் வேண்டும் என்று நாமே காசு கொடுத்து இன்னும் 10, 15 மி.மீ. இறக்கிக்கொள்கிறோம். இது மட்டும் ஸ்டைல்தான்.

காரின் மூக்கு உரசுவதற்கு இங்கே இரண்டு இடங்கள்: ஓரக்கல், கராஜ் சரிவு. ஓரக்கல்லை முதலில் பார்ப்போம். நடைபாதை ஓரத்தில் பதித்த கருங்கல்லை ஜெர்மன்காரர்கள் போர்ட்ஸ்டைன் என்பார்கள். சாதாரணமாக 10 முதல் 15 செ.மீ. உயரம். சூப்பர் மார்க்கெட்டில் செங்குத்தாகக் காரை நுழைக்கிற இடத்தில் முன்னால் இந்தக் கல் இருக்கும், அதற்குப் பின்னால் ஒரு செடிப் பாத்தி.

ஊர்ப் பழக்கம் என்ன? டயர் போய்க் கல்லில் லேசாக முட்டும் வரை விடுவது. முட்டியதும் நிறுத்துவது. இந்தப் பழக்கத்தைத் தாழ்ந்த மூக்குக் காரில் செய்தால் என்ன ஆகும் என்று ஒரு சின்னக் கணக்கு. முன் சக்கரத்தின் மையத்திலிருந்து பம்பர் நுனி 90 செ.மீ. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள், பல கார்களுக்கு ஏறத்தாழ அப்படித்தான். டயரின் ஆரம் 32 செ.மீ., கல் 12 செ.மீ. உயரம். பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டால், டயர் கல்லைத் தொடும்போது சக்கரத்தின் மையம் கல்லுக்கு 25 செ.மீ. பின்னால் இருக்கும். அதாவது டயர் முட்டுவதற்குள் பம்பர் அந்தக் கல்லைத் தாண்டி 65 செ.மீ. போயிருக்கும். அந்த 65 செ.மீ. தூரமும் உங்கள் பம்பரின் அடிவயிறு கல்லுக்கு மேலே ஊர்ந்து போகிறது. இடைவெளி இரண்டு விரல் இருந்தால் அதிர்ஷ்டம்.

நிறைய பேர் கவனிக்காத விஷயம் ஒன்று: உள்ளே போகும்போது உரசுவதைவிட வெளியே எடுக்கும்போது உரசுவதுதான் மோசம். முன்னால் போகையில் பம்பரின் கீழ்ப்பகுதி சாய்வாக இருப்பதால் கல்லின் மேல் வழுக்கி ஏறிவிடும். ரப்பர் உதடு பின்னால் மடங்கிக் கொடுக்கும். நீங்கள் ஷாப்பிங் முடித்து வந்து ரிவர்ஸ் போட்டால் அதே உதடு கல்லின் விளிம்பில் கொக்கி மாதிரி மாட்டும். பின்னால் இழுக்க இழுக்க, கிளிப் ஒவ்வொன்றாகக் கழன்று, பம்பர் அப்படியே கையோடு வந்துவிடும். முன்னால் போகையில் 'ஸ்ஸ்' என்று சத்தம் கேட்டிருந்தால் வண்டியை எடுப்பதற்கு முன் இறங்கிக் குனிந்து பாருங்கள். ஆளைக் கூப்பிட்டு முன்பக்கத்தைக் கையால் லேசாகத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் எடுத்தால் நூற்றுக்கணக்கான யூரோ மிச்சம்.

சென்சார் ஏன் கத்தவில்லை என்கிற கேள்விக்கு வருகிறேன். பம்பரில் இருக்கிற அல்ட்ராசோனிக் சென்சார்கள் தரையிலிருந்து சுமார் அரை மீட்டர் உயரத்தில் இருக்கும். அவை முன்னோக்கி ஒரு கூம்பு வடிவத்தில் ஒலியை அனுப்பும். தூரத்தில் இருக்கும்போது கல் அந்தக் கூம்புக்குள் விழலாம். லேசாக ஒரு பீப் வரும். கிட்டே போகப் போகக் கல் கூம்புக்குக் கீழே நழுவிவிடும். பீப் நின்றுவிடும். பீப் நின்றால் நம்ம மனசு என்ன நினைக்கும்? 'சரி, தடை ஒண்ணும் இல்ல' என்று. உண்மையில் அந்த நேரத்தில்தான் கல் மூக்குக்கு நேர் கீழே இருக்கிறது. சென்சார் செய்த ஆட்கள் இதை மறைக்கவில்லை, காரோடு வருகிற கையேட்டில் தாழ்ந்த பொருட்கள் தெரியாமல் போகலாம் என்று எழுதித்தான் இருக்கிறார்கள். கையேட்டைப் படிக்கிறவர் யார் என்பதுதான் கேள்வி. மேலிருந்து பார்க்கிற கேமரா இருந்தால் கொஞ்சம் பரவாயில்லை. அதுவும் நவம்பர் முதல் மார்ச் வரை சாலையில் போடுகிற உப்புத் தண்ணீர் பட்டுக் கண்புரை விழுந்த மாதிரி இருக்கும். துடைக்காமல் நம்பக் கூடாது.

இந்தத் தொழில்நுட்ப வரலாற்றில் எனக்குப் பிடித்த ஒரு வேடிக்கை இருக்கிறது. 1991இல் வந்த மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ், டபிள்யூ140 என்று சொல்வார்கள், அந்தக் காலத்துக்கு ராட்சச சைஸ். பின்பக்க மூலை எங்கே முடிகிறது என்று ஓட்டுநருக்குத் தெரியாது. அதற்கு ஸ்டுட்கார்ட்டின் பொறியாளர்கள் கண்டுபிடித்த வழி: ரிவர்ஸ் கியர் போட்டதும் பின்பக்க இரண்டு ஓரங்களிலிருந்தும் ஆன்டெனா மாதிரி சின்னக் குச்சிகள் எழுந்து நிற்கும். 'இதோ, கார் இங்கே முடிகிறது' என்று காட்டுவதற்கு. அவ்வளவு விலை காரில் இரண்டு குச்சி! 1995 வாக்கில் அல்ட்ராசோனிக் வந்ததும் குச்சிக்கு ஓய்வு கொடுத்தார்கள். இன்றைக்கு அதே ஊரின் விமான நிலையத்தில் பி6 பார்க்கிங் கட்டிடத்தில் ஓட்டுநரே இல்லாமல் கார் தானாகப் போய் நிற்கிறது. 2022 நவம்பரில் அரசின் மோட்டார் வாகனத் துறை அதற்கு அனுமதி கொடுத்தது. போஷ் நிறுவனமும் மெர்சிடிஸும் சேர்ந்து செய்தது. ஆனால் அங்கே வழி பார்க்கிற கண்கள் பெரும்பாலும் கட்டிடத்துக்குள் பொருத்தப்பட்டவை. உங்கள் வீட்டு கராஜில் அந்தக் கண்கள் கிடையாது.

ஓரக்கல்லுக்கு எளிய வைத்தியம் ரிவர்ஸில் நுழைப்பது. பெரும்பாலான கார்களில் பின் பம்பர் முன் பம்பரை விட உயரம். கேமராவும் பின்பக்கம்தான் நன்றாக இருக்கும். ஸ்டீயரிங் முன் சக்கரத்தில் என்பதால் குறுகிய இடத்தில் ரிவர்ஸில் நுழைவது சுலபமும்கூட. இதை எனக்கு முதலில் சொன்னது ஜெர்மன் டிரைவிங் ஸ்கூல் இல்லை. ஹம் நகரில் ஒரு ஈழத்து அண்ணன். ஹம்-உவென்ட்ரோப் காமாட்சி அம்பாள் கோயில் 2002இல் குடமுழுக்கு கண்ட கோயில், தொழிற்பேட்டைக்கு நடுவில் கோபுரம் தெரியும். ஒவ்வொரு வருடமும் கோடையில் தேர்த் திருவிழா. அன்றைக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் நம்ம ஆட்கள் காரில் வந்து இறங்குவார்கள். நெதர்லாந்து, பிரான்ஸ், சுவிஸ் நம்பர் பிளேட் எல்லாம் அந்தத் தொழிற்பேட்டைச் சாலை ஓரங்களில் வரிசை கட்டி நிற்கும். எண்பதுகளில் வந்து இங்கேயே பிள்ளை குட்டிகளை வளர்த்தவர் அந்த அண்ணன். நான் முன்னால் நுழைக்கப் போவதைப் பார்த்து ஓடி வந்தார். "தம்பி, முன்னுக்குக் கொண்டுபோய் விடாதேங்கோ. பிறகு எல்லாரும் ஒரே நேரத்திலை வெளிக்கிடேக்கை நீங்கள் பின்னாலை பாக்கேலாது. ரிவேர்ஸிலை விடுங்கோ." பம்பருக்காக அவர் சொல்லவில்லை. ஆனால் பம்பருக்கும் பொருந்தும். (ஈழத்தவர்கள் பார்க்கிங்கை 'தரிப்பிடம்' என்கிறார்கள். நாம் 'வாகன நிறுத்துமிடம்' என்று போர்டில் எழுதிவிட்டு வாயில் 'பார்க்கிங்' என்கிறோம். தரிப்பிடம் எவ்வளவு அழகான சொல்!)

ரிவர்ஸில் விடவே கூடாத இடங்களும் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பில் தரைத்தள ஜன்னல்களுக்கு நேராக இருக்கும் பார்க்கிங்கில் 'முன்பக்கமாக மட்டும் நிறுத்தவும்' என்று பலகை இருக்கும். புகை ஜன்னலுக்குள் போகக் கூடாது, செடி கருகக் கூடாது என்பதற்காக. அந்த மாதிரி இடத்தில் கல்லுக்கு அரை மீட்டர் முன்னாலேயே நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். பக்கவாட்டில் இருக்கும் கோட்டையோ பக்கத்துக் காரின் கதவு இடுக்கையோ அடையாளம் வைத்துக்கொண்டால் பழகிவிடும். பனி காலத்தில் இன்னொரு ஆபத்து: வழித்துத் தள்ளிய பனிக் குவியல் இரவில் உறைந்து பாறையாகிவிடும். பார்க்கப் பஞ்சு மாதிரி இருக்கும். பஞ்சு இல்லை.

இனி கராஜ் சரிவு. ஸ்டுட்கார்ட் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிற ஊர். கிண்ணத்தின் சுவர்களில்தான் வீடுகள். எனவே நிலத்தடி கராஜுக்கு, டீஃப்கராஜ் என்பார்கள், இறங்கும் பாதைகள் செங்குத்தாக இருக்கும். ஜெர்மனியில் வீடு கட்டினால் வண்டி நிறுத்த இடமும் கட்ட வேண்டும் என்கிற விதி 1939ஆம் ஆண்டின் கராஜ் சட்டத்தில் தொடங்கியது. போருக்குப் பின் மாநிலங்கள் தத்தம் விதிகளை எழுதின. அவற்றின்படி நடுத்தர, பெரிய கராஜ்களின் சரிவு 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சரிவு 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தெருவுக்கும் சரிவுக்கும் இடையில் குறைந்தது 3 மீட்டர் நீளத்துக்கு மிதமான பகுதி இருக்க வேண்டும். 100 சதுர மீட்டருக்குள் இருக்கும் சின்ன கராஜ்களுக்கு இந்தச் சரிவுக் கட்டுப்பாடு இல்லை. அங்கேதான் இறங்கும்போது கும்பிட்டுக்கொண்டே இறங்க வேண்டியிருக்கும்.

15 சதவீதம் என்றால் 100 மீட்டர் போனால் 15 மீட்டர் இறக்கம். கோணத்தில் சொன்னால் எட்டரை டிகிரி. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். இப்போது காரின் மூக்கு 90 செ.மீ. நீட்டல், தரையிலிருந்து 12 செ.மீ. உயரம் என்று வையுங்கள். கார் சரிவில் இறங்கி முன் சக்கரம் சமதளத்தைத் தொடுகிற நொடியில் மூக்கு எவ்வளவு தாழ்கிறது? 90 செ.மீ. பெருக்கல் 0.15, அதாவது 13.5 செ.மீ. இருப்பது 12. ஒன்றரை செ.மீ. தரைக்குள் போக வேண்டும். போகாது. கர்ர்ர்.

சட்டப்படி கட்டிய சரிவு, சட்டப்படி விற்ற கார். இரண்டும் சேர்ந்தால் உரசல். இதில் யாரைக் குறை சொல்வது? 1974இல் வந்த முதல் கோல்ஃப் காரின் அகலம் 1.61 மீட்டர். இன்றைய எட்டாம் தலைமுறை கோல்ஃப் கண்ணாடிகளைச் சேர்க்காமல் 1.79 மீட்டர். 2.30 மீட்டர் அகலக் கட்டத்துக்குள் அன்றைக்கு 69 செ.மீ. மிச்சம் இருந்தது, இன்றைக்கு 51. இரண்டு பக்கமும் பிரித்துக்கொண்டால் ஒரு பக்கத்துக்கு 25 செ.மீ.; தொப்பை வைத்தவர் இறங்குகிற இடம் இல்லை அது. கட்டிடம் அப்படியே இருக்கிறது, கார்தான் ஊதிக்கொண்டே போகிறது.

சரிவில் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. முதலில், உங்கள் காரின் மூக்கு உயரத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள். விளம்பரத்தில் போட்டிருக்கிற கிரவுண்ட் கிளியரன்ஸ் பெரும்பாலும் வண்டியின் நடுப்பகுதிக்கு, உதட்டுக்கு இல்லை. ஸ்கேலை எடுத்து உதட்டிலிருந்து தரைக்கு, சக்கர மையத்திலிருந்து நுனிக்கு என்று இரண்டே அளவு. உயரத்தை நீளத்தால் வகுத்தால் உங்கள் கார் தாங்கும் சரிவு வந்துவிடும். 12ஐ 90ஆல் வகுத்தால் 13 சதவீதத்துச் சொச்சம். இந்த எண்ணைக் கார் வாங்குவதற்கு முன்பே தெரிந்துவைத்துக்கொண்டு, வீட்டு கராஜின் சரிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. சன்ரூஃப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவோம்.

அடுத்து, பிரேக். சரிவின் அடியில் திருப்பம் வரும் இடத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் கார் மூக்கைக் குனியும், அந்த ஒரு செ.மீ.தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். திருப்பத்துக்கு முன்பே கிட்டத்தட்ட நின்றுவிட வேண்டும். பிறகு பிரேக்கை விட்டு ஊர விட வேண்டும். தெருவிலிருந்து ஏறும் இடத்திலோ பெட்ரோல் பங்க் வாசலிலோ அகலம் இருந்தால் குறுக்காகப் போகலாம். 45 டிகிரி சாய்வாக ஏறினால் 15 சதவீதச் சரிவு காருக்கு 10.6 சதவீதமாகத்தான் தெரியும். ஊரில் மாட்டு வண்டிக்காரர்கள் கரையில் குறுக்காக ஏற்றியது இதே கணக்குதான். டீஃப்கராஜ் சரிவில் குறுக்காகப் போக இடம் இருக்காது, இரண்டு பக்கமும் சுவர்.

இரண்டாம் தலைமுறைத் தம்பிகள் சிலர் காரை இன்னும் இறக்கி, 'தாழ்ந்தாதான் கெத்து' என்று ஸ்பிரிங் மாற்றுகிறார்கள். அது அவரவர் விருப்பம். ஆனால் அனுமதி இல்லாத ஸ்பிரிங் போட்டு, பரிசோதனை மையத்தில் காட்டிப் பதிவு செய்யாமல் ஓட்டினால் வண்டியின் இயக்க அனுமதியே செல்லாமல் போகலாம். விபத்து என்று வந்துவிட்டால் காப்பீட்டுக்காரர் முதலில் பார்க்கிற இடம் அதுதான்.

உரசினால் செலவு என்ன? முன்பெல்லாம் பம்பர் என்றால் இரும்புத் தகடு. அம்பாசடர் பம்பரில் சுத்தியலால் தட்டினால் போதும். இன்றைக்கு பிளாஸ்டிக் தோல், அதற்குப் பின்னால் சென்சார், ரேடார். ரேடாருக்கு முன்னால் இருக்கும் பகுதியில் புட்டி வைத்து பெயின்ட் அடித்தால் அலை சரியாகப் போகாது என்பதால் பல நிறுவனங்கள் அந்த இடத்தில் ஒட்டுவேலையை அனுமதிப்பதில்லை. புது பம்பர் மாற்றி, பெயின்ட் அடித்து, ரேடாரை மறுபடி சரிபார்த்து... நான்கு இலக்க யூரோ சர்வசாதாரணம். கம்பெனி கொடுத்த லீசிங் கார் என்றால் திருப்பிக் கொடுக்கும் நாளில் ஒருவர் டார்ச் லைட்டோடு வந்து குனிந்து பார்ப்பார். சின்னத் தேய்மானத்தை விட்டுவிடுவார். பெயின்ட் உரிந்து பிளாஸ்டிக் தெரிந்தால் குறித்துக்கொள்வார். அது நம்ம காசு. வலிக்கும், ஆனால் காசோடு போய்விடும்.

நண்பருக்கு நடந்தது காசோடு போகவில்லை. சனிக்கிழமை மதியம், ஒரு சூப்பர் மார்க்கெட் பார்க்கிங். முன் உதடு ஓரக்கல்லில் உரசிய சத்தத்தில் பதறிப்போய் ரிவர்ஸ் எடுத்தார். அந்தப் பதற்றத்தில் பின்னால் நின்ற காரின் பம்பரில் ஒரு கோடு. கைநீளம்கூட இல்லை. நல்ல மனிதர். கால் மணி நேரம் காத்திருந்தார், யாரும் வரவில்லை. பெயர், போன் நம்பர் எல்லாம் எழுதி, மன்னிப்பும் கேட்டு, சீட்டை அந்தக் காரின் வைப்பரில் சொருகிவிட்டு, போட்டோவும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஊரில் இதைச் செய்கிற ஆளுக்குக் கோயில் கட்டுவார்கள்.

மழை பெய்தது. சீட்டு போய்விட்டது. ஆனால் வேறொருவர் பார்த்திருந்தார், வண்டி எண்ணைக் குறித்திருந்தார். மறுநாள் போலீஸ் வீட்டு வாசலில்.

ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 142ஆவது பிரிவு விபத்து நடந்த இடத்தை விட்டு அனுமதியின்றிப் போவதைப் பற்றியது. அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை. பொதுமக்கள் வந்துபோகும் பார்க்கிங்கில் இன்னொருவர் காரில் கோடு விழுந்தாலும் அது விபத்துதான். நிறைய பேர் நினைப்பது போல வைப்பரில் சீட்டு சொருகுவது போதாது. சூழ்நிலைக்குத் தக்க நேரம் அங்கேயே காத்திருக்க வேண்டும். யாரும் வராவிட்டால் தாமதிக்காமல் கார்க்காரருக்கோ போலீசுக்கோ தெரிவிக்க வேண்டும். போலீசைக் கூப்பிட்டால் ஒன்றும் ஆகாது, அவர்கள் வந்து எழுதிக்கொண்டு போவார்கள். நம்ம ஆட்களுக்கு 'போலீஸ்' என்றாலே ஊர் ஸ்டேஷன் ஞாபகம் வந்துவிடுகிறது. அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஓடும் போக்குவரத்துக்கு வெளியே நடந்து, சேதமும் சிறியதாக இருந்தால், 24 மணி நேரத்துக்குள் தானாகவே முன்வந்து சொன்னவருக்குத் தண்டனையைக் குறைக்கவோ விட்டுவிடவோ சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் போலீஸ் உங்களைக் கண்டுபிடித்த பிறகு சொன்னால் அது தானாக முன்வந்தது ஆகாது.

அந்த நேரம் நண்பரின் குடியுரிமை விண்ணப்பம் அலுவலகத்தில் இருந்தது. 2024 ஜூன் மாதம் புதிய சட்டம் வந்த பிறகு 5 வருடத்தில் விண்ணப்பிக்கலாம் என்று ஆனதும் முதல் ஆளாகப் போட்டவர். 90 நாள்-அலகுக்கு உட்பட்ட அபராதத்தைக் குடியுரிமைச் சட்டம் பொதுவாகப் பெரிதுபடுத்துவதில்லை. ஆனால் ஒரு குற்ற விசாரணை நடந்துகொண்டிருந்தால், அது முடியும் வரை குடியுரிமை முடிவை நிறுத்தி வைக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. நிறுத்தி வைத்தார்கள். ஏழு மாதம். கடைசியில் அரசு வழக்கறிஞர் ஒரு தொகையைக் கட்டச் சொல்லி வழக்கை முடித்தார். கோடு விழுந்த காரின் சொந்தக்காரர் ஒரு வயதான அம்மா. அவருக்கு நஷ்டஈட்டைக் காப்பீடு எப்போதோ கொடுத்துவிட்டது. "நீங்க உடனே ஒரு போன் பண்ணியிருந்தா நான் கண்டுக்கவே மாட்டேனே" என்றாராம் ஜெர்மனில். அவர் மனைவிதான் அந்த ஏழு மாதமும் தபால் பெட்டியைத் திறக்க பயந்தார். "கோடு போட்டது அவர் கார். கோடு விழுந்தது எங்க வீட்ல" என்று அவங்க சொன்னதை மறக்க முடியவில்லை.

இந்திய லைசன்ஸ் இங்கே குடியேறிய நாளிலிருந்து 6 மாதம்தான் செல்லும். அதற்குப் பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் எழுதியே ஆக வேண்டும். எழுத்துத் தேர்வை ஜெர்மன் தவிர 12 மொழிகளில் எழுதலாம், தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. ஆயிரத்துச் சொச்சம் கேள்விகளை ஆப்பில் மனப்பாடம் செய்து நாம் பாஸாகிவிடுகிறோம். ரிவர்ஸில் பார்க் செய்வதும் தேர்வில் உண்டு. அதையும் செய்துவிடுகிறோம். வைப்பரில் சீட்டு சொருகக் கூடாது என்பதும் அந்தக் கேள்விகளுக்கு இடையில் எங்கோ இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மனப்பாடம் செய்தது பதற்றத்தில் வருவதில்லை. வருவது ஊரில் அப்பா சொல்லிக்கொடுத்ததுதான். எனவே என் போனில் உள்ளூர் போலீஸ் நிலையத்தின் எண் 'பார்க்கிங்' என்ற பெயரில் சேமித்து வைத்திருக்கிறேன். மனைவியின் போனிலும்.

எங்கள் குடியிருப்பின் டீஃப்கராஜ் சரிவு 15 சதவீதம், அடியில் எந்த மிதமான பகுதியும் இல்லாமல் நேராகத் தரை. அங்கே தரையில் வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று எல்லா வண்டிகளின் கையெழுத்தும் இருக்கிறது. கீழ் வீட்டில் ஓய்வுபெற்ற எந்திரப் பொறியாளர் ஒருவர் இருக்கிறார். அவரும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப் எடுத்து அளந்தோம். அந்தத் திருப்பத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 7.5 சதவீத மிதச் சரிவு போட்டால் என்ன ஆகும் என்று அவர் பேப்பரில் வரைந்தார். 2.70 மீட்டர் சக்கர இடைவெளி உள்ள காருக்கு மூக்கின் இறக்கம் 13.5 செ.மீ.யிலிருந்து 11 செ.மீ.யாகக் குறைகிறது. 12 செ.மீ. மூக்கு ஒரு செ.மீ. மிச்சத்தில் தப்பிக்கும். அதற்குத் தரையில் நிரப்ப வேண்டியது நான்கு செ.மீ.கூட இல்லை. மேலே உத்தரம் 2.05 மீட்டரில் இருக்கிறது. கராஜில் 2 மீட்டர் உயரம் கட்டாயம். எனவே 2.01. விதி தப்பித்தது.

உரிமையாளர் கூட்டத்தில் வைத்தோம். 2020 டிசம்பரில் திருத்திய சட்டப்படி இந்த மாதிரிக் கட்டுமான மாற்றத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும்; செலவு யார் தலையில் என்பதில்தான் சண்டை. கார் இல்லாத மூன்றாம் மாடிக்காரர் "நான் ஏன் உங்கள் பம்பருக்குக் காசு கொடுக்க வேண்டும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு எந்திரப் பொறியாளர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது வீட்டுப் பராமரிப்பாளர் கை தூக்கினார். நாங்கள் நிரப்பச் சொல்கிற அதே இடத்துக்கு அடியில் மழைத் தண்ணீர் வடிகால் ஓடுகிறதாம். மூடினால் கராஜுக்குள் தண்ணீர் நிற்கும். வடிகாலை ஒரு மீட்டர் தள்ளிப் போட எவ்வளவு ஆகும் என்று பிளம்பரிடம் விலை கேட்டிருக்கிறோம். அடுத்த கூட்டம் அக்டோபரில். அதுவரைக்கும் பொறியாளர் சுவரில் ஒரு மஞ்சள் டேப் ஒட்டி வைத்திருக்கிறார், பிரேக்கை எங்கே விட வேண்டும் என்பதற்கு.